அம்மாவுக்கு எழுதினது

ஆவணி 12, செவ்வாய்

சண்டைக் காலத்தில் அப்பா கொழும்பிலிருந்து அம்மாவுக்கு எழுதிய கடிதங்களை இன்று பகல் முழுக்க வாசித்தேன். இருவருமே இப்போது இல்லை. நல்லூரிலிருந்து வந்த அண்ணை கண்டுவிட்டுக் கத்தினார்.

"அது அம்மாவுக்கு எழுதினது. எரிச்சுப்போடு."

தபால் ஓடாத நாட்கள் அவை. ஊருக்கு வருபவர்களிடம் அப்பா கடிதத்தை ஒட்டாமலே கொடுத்துவிடுவார்.

"கொண்டுவந்த ஆக்கள் வாசிச்சவை. சோதனையிலை ஆமிக்காரனும் பிரிச்சுப் பாத்தவன். பெத்த பிள்ளை வாசிச்சால் மட்டும் பிழையோ?" என்று நானும் கத்தினேன்.

அண்ணை வாசல் படலைவரை போனார். சைக்கிளைப் பிடித்தபடி திரும்பி நின்றார்.

"என்னைப் பற்றி ஏதும் எழுதியிருக்கிறாரோ?"

எழுதியிருக்கிறார், பக்கம் பக்கமாக. சொல்லுவேனா நான்?

"அது அம்மாவுக்கு எழுதினது, அண்ணை."