இடப்பக்கம் டச்சுக்காரி, வலப்பக்கம் நான்

12 ஜனவரி 1997, பிஸ்கட்டவே, அமெரிக்கா
தமிழ்ச் சங்கப் பொங்கல் மலர் வந்தது. பின்னட்டையில் என் வீட்டுக்காரர் பத்மநாபன் வரைந்த கார்ட்டூன். பெண்டாட்டி கையில் தடிப் புத்தகம். அடுப்பில் சாம்பார் பொங்கி வழிகிறது. புருஷன் பசியில் துரும்பாக இளைத்து நிற்கிறான். அவள் மூக்கும் கண்ணாடியும் அப்படியே என்னுடையவை.

"என்னைப் போட்டா மட்டும் சிரிப்பு வருதா உங்களுக்கு?"

"சும்மா ஜோக்குதானே ஷ்யாமளா. சீரியஸா எடுத்துக்காத."

14 ஜனவரி
பக்கத்து ஊர் எடிசனில், மளிகைக் கடையில் இரண்டு ஆன்டிகள் என் மூக்கைப் பார்த்துச் சிரித்தார்கள். அவ்வளவு நீளமா? இல்லவே இல்லை.

6 பிப்ரவரி
என் எம்.ஏ. ஆய்வு, பத்தொன்பதாம் நூற்றாண்டு டச்சுக் கேலிச்சித்திரங்களில் பெண்கள். இன்று பல்கலைக்கழக மியூசியத்தில் ஒரு படம் எடுத்துக் காட்டினார்கள். வெள்ளைத் தொப்பிக்காரி ஒருத்தி புத்தகமும் கையுமாக, பானை பொங்குகிறது, குழந்தை பூனையின் பாலைக் குடிக்கிறது, புருஷன் கிழிந்த காலுறையைத் தூக்கிக் காட்டுகிறான். வாய்விட்டுச் சிரித்தேன். இதைப் பார்த்துத்தான் இவர் என்னை வரைந்தாரோ? சேச்சே, இவருக்கு ஹாலந்து என்றால் ஹாக்கிதான்.

27 பிப்ரவரி
"பழைய ஜோக். இன்றைக்கு இதனால் யாருக்கு என்ன?" என்றார் புரொபசர். ஏப்ரல் கருத்தரங்கில் இதற்குப் பதில் சொன்னால்தான் பிஎச்.டி. இடம். சொல்வேன். பதில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ்மேல், பொங்கல் மலரின் பின்னட்டையில் கிடக்கிறது.

18 ஏப்ரல்
இரண்டு ப்ரொஜெக்டர். இடப்பக்கம் டச்சுக்காரி, வலப்பக்கம் நான். அரங்கமே சிரித்தது. கடைசி வரிசையில் முதலில் சிரித்தவரும் பத்மநாபன்தான், முதலில் நிறுத்தியவரும் அவர்தான். "பானையை இறக்க அந்த வீட்டில் இன்னொரு ஜோடிக் கை இருக்கிறதே, அதை ஏன் யாரும் வரையவில்லை?" என்று கேட்டேன். புரொபசர் எழுந்து வந்து கை கொடுத்தார். இடம் எனக்குத்தான்!

காரில் இவர் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார். சொல்லாமல் போட்டது தப்பா? என்னை மட்டும் கேட்டுக்கொண்டா போட்டார்?

4 ஜனவரி 1998
இந்த வருஷ மலருக்கு இவர் அனுப்பிய படத்தில் புருஷன் டிவியில் மூழ்கியிருக்கிறான், சாம்பார் பொங்குகிறது. தொப்பை உட்பட அசல் இவரே. எனக்குக்கூடக் காட்டவில்லை; மேஜையில் கிடந்த நகலை நானாகத்தான் பார்த்தேன்.

மலர் ஆசிரியர் சேனாபதி ஃபோன் பண்ணினார். ஸ்பீக்கரில் கேட்டது.

"ஆம்பளைய இப்படிப் போட்டா யாரு சார் சிரிப்பாங்க? போன வருஷம் மாதிரி லேடீஸ் ஜோக் ஒண்ணு குடுங்களேன்."

இவர் எழுந்தே நின்றுவிட்டார். "ஏன், பொம்பளையப் போட்டா மட்டும் சிரிப்பு வருதா உங்களுக்கு?"

நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. சமையலறையில் ஏதோ தீய்கிற வாசனை. ஃபோனை வைத்துவிட்டு இவரே ஓடிப்போய் அடுப்பை அணைத்தார். நான் அந்தப் பக்கத்தைப் படித்து முடித்தேன்.