தப்புத் தப்பாக வாசித்தேன்

அன்பு மகளுக்கு,

வாப்பா ஸலாமுடன் எழுதுவது. பயிற்சிக் கல்லூரிச் சாப்பாடு எப்படியென்று கேட்க இன்றைக்கு மனம் நிலையில் இல்லை.

பெயர் போடாமல் அச்சடித்தாயே, அந்தக் கதைப் புத்தகத்தை மருமகனிடம் நீட்டினேன். "புது ஆக்கள்ர எழுத்த ஆரு மாமா வாசிக்கிற?" என்று தறிப்பக்கம் திரும்பிவிட்டார். நான் விடவில்லை. என் ஐந்தாம் வகுப்புப் படிப்பை முழுதாகக் காட்டி, உரத்த குரலில், தப்புத் தப்பாக வாசித்தேன். மனிதருக்குப் பொறுக்கவில்லை.

"தமிழக் கொல்லாதீங்க மாமா, இஞ்ச தாங்க!"

பறித்தவர் கீழே வைக்கவேயில்லை. அன்று உன் மைப்போத்தலை அவர் எறிந்ததுபோலவே ஒரு கணவன் மனைவியின் மைப்போத்தலைக் கிணற்றில் எறிகிற கதை வந்ததும் முகம் கறுத்துவிட்டது.

"இத எழுதின ஆரு?"

"உங்கட பொஞ்சாதிதான், மருமகன்."

அதன்பிறகு அவர் என்னோடு கதைப்பதில்லை. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் உன்னிடம் வருகிறாராம். இனி எழுதாதே என்று சொல்லத்தானோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்று அவருடைய பையைக் களவாகத் திறந்து பார்த்தேன், அல்லாஹ் மன்னிப்பானாக. உன் புத்தகமும், மூடி திறக்காத ஒரு மைப்போத்தலும் இருந்தன.

அவர் தறிக்கணக்கு எழுதுவதுகூடப் பென்சிலால்தானே, மகள்?

உன் வாப்பா