கோடிக்குப் பிறகு சுழியம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முட்டுவலி தேவலையா?

கோடி என்றால் எவ்வளவு என்று பாப்பா கேட்டாளாமே. அப்பாவின் தகடு வெட்டும் மிஷின் தினம் மூவாயிரம் தரம் இறங்கினால், ஒன்பது வருடத்தில் ஒரு கோடி என்று சொல். நான் இங்கே வந்தும் அவ்வளவுதான் ஆகிறது.

அதற்கு மேல் ஓட்டக் கூடாது என்று மிஷினிலேயே எழுதியிருக்கிறது. நேற்று கோடியைத் தொட்டதும், ஏழே இலக்கம் காட்டும் அதன் மீட்டர் சுழியத்துக்குத் திரும்பிவிட்டது. மேஸ்திரி சிரித்தார்.

"பாத்தியா, புது மிஷின் ஆயிடுச்சு. ஓட்டுப்பா."

இன்று இரண்டு தரம், நான் பொத்தானைத் தொடாமலே இறங்கியது. கவலைப்படாதே, கை வெளியேதான் இருந்தது.

பாப்பா பாதி எழுதிய இரட்டைக் கோடு நோட்டு ஒன்று அனுப்பு. சங்கு ஊதிவிட்டது, மறுபடி மிஷினுக்குப் போக வேண்டும். எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பதறாதே. இப்போதிருந்தே இடக்கையால் எழுதிப் பழகுகிறேன்.