மூன்றாம் படியில் நிற்கும் வெள்ளச்சி

இன்று காலை பத்துளு ஓயாவில் புத்தளம் பஸ் ஏறி ஜன்னலோரம் இருந்தேன். முந்தலுக்குக் கிட்ட ஓர் இறால் பண்ணையில் தண்ணீரை வற்ற விட்டிருந்தார்கள். அடிச்சேறு வெயிலில் வெந்து கிளப்பும் அந்த நாற்றம் உனக்குத் தெரியும். மூக்கைப் பொத்தினால் வாய்க்குள் வந்து நிற்கும். பஸ்ஸில் எல்லாரும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், எனக்கு முன்னால் இருந்த மனிதரின் தொலைபேசியிலிருந்து உன் குரல் வந்தது.

“வெள்ளச்சி பதினைந்தாம் படிக்கு உயர்ந்துவிட்டாள். இனி அவள் கைகளில் இடியும் மின்னலும்!”

நீ போனது போன மாரிக்கு முன். அந்த வசனத்தை நீ உயிரோடிருக்கையில் ஒருநாளும் சொன்னதில்லை, சொல்லியும் இருக்கமாட்டாய். அந்த மனிதர் தலையை ஆட்டி ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் முந்தலுக்கு முன்னரே இறங்கி, மிச்ச தூரத்தை நடந்தேன்.

நீ இல்லாத பிறகு உன் குரலுக்கு என்ன நடந்தது என்று உனக்கு ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். நான் சொல்கிறேன். நல்ல செய்தி அல்ல.

நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்கு ஏதோ பிரதி எடுக்க உன் போட்டோக்கொப்பிக் கடைக்கு வந்தபோதுதான் நாம் பழகினோம். நீ இருபது முகமுள்ள டைஸ் ஒன்றைக் கண்ணாடி மேசையில் உருட்டிக்கொண்டிருந்தாய். இது என்ன, லூடோவா என்று கேட்டேன்.

“இல்லையடி. இதுக்குப் பலகை இல்லை. நான் கதை சொல்லுவன். நீ அந்தக் கதைக்குள்ள ஒராள். நீ என்ன செய்யப்போறாய் எண்டு சொல்லு. அது சரிவருமோ இல்லையோ எண்டு டைஸ் சொல்லும்.”

“வெல்லுறது யாரு?”

“ஒருத்தரும் வெல்லுறேல்லை. உயிரோட இருந்தாப் போதும்.”

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் வீட்டு முன்னறையில் நாலு பேர். நீ கதை சொல்வாய். கனமூலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் கணக்கு ரியூசன் மாஸ்டர் நிஸ்மியும் நானும் ஆடுவோம். சிலாபத்தில் கலியாண வீடியோ எடுக்கும் கபில் ஒலிப்பதிவு செய்து, அதை வெட்டி ஒட்டி நம் இணையச் சனலில் போடுவான். மைக்கில் சத்தம் விழும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவான். அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழே நாங்கள் அவிந்துபோவோம்.

நீ உண்டாக்கிய நாடு ஒரு களப்பு நாடு, கடல் உள்ளே புகுந்து தேங்கிய தண்ணீரும் சேறும். என் ஆள் வெள்ளச்சி, வலை வெட்டும் சின்னக் கத்தி ஒன்றைத் தவிர வேறு ஆயுதம் இல்லாதவள். நிஸ்மியின் ஆள் சேகு, உப்பளத்துக் காவல்காரன். அவனிடம் ஒரு துடுப்பு இருந்தது. இரண்டு பேரும் முதலாம் படி. இப்படியான ஆட்டங்களில் முதலாம் படி ஆட்கள் ஊதினால் விழுந்துவிடுவார்கள். ஒவ்வொரு ஆபத்தையும் தாண்டத் தாண்டத்தான் மேலே ஏறுவார்கள். மற்றவர்கள் ஆடிப் பதிந்து போடும் ஆட்டங்களில் சில வாரங்களிலேயே பறக்கத் தொடங்கிவிடுவார்கள். நாங்களோ முதல் மாதம் முழுக்க கபரகொய்யா என்னும் பெரிய நீருடும்பு ஒன்றுக்குப் பயந்து மரத்தில் இருந்தோம்.

“துடுப்பால அடிக்கிறன்” என்றான் நிஸ்மி.

“அடி. பட்டாச் சரி, படாட்டி அது உன்ர காலைப் பிடிக்கும்.”

“அப்ப அடிக்கல்ல. மரத்திலயே இரிக்கிறன்.”

அந்தப் பகுதியைக் கேட்டுச் சிரித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் கபிலுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் எந்நேரமும் சனலுக்கு வரும் கருத்துகளை வாசித்துக்கொண்டிருப்பான். எப்போது பெரிய ஆளாவார்கள், எப்போது சண்டை வரும் என்று எங்கோ குளிர் நாட்டிலிருந்து எழுதியிருப்பார்கள்.

“ஆக்களுக்கு அலுக்குதாம் அக்கா. ஒரு பெரிய பூதத்த விடுங்க. இவங்கள அஞ்சாம் படிக்கு ஏத்திவிடுங்க.”

நீ அவனை நிமிர்ந்து பார்த்தாய். “வன்னியிலயிருந்து வந்து இந்த வீட்டுக்குத் தகரம் போடவே எங்களுக்கு எத்தினை காலம் போச்சுது தெரியுமோ? அதுக்குப் பிறகுதான் உந்த அஸ்பெஸ்டஸ் சீற்று. கதையில மட்டும் என்னத்துக்கு இந்தப் பறப்பு?”

அன்றைக்கே அவன் உன்னை மனதில் குறித்துக்கொண்டான் என்று இப்போது நினைக்கிறேன். இது என் வெறுப்பு சொல்லும் கதையாகவும் இருக்கலாம்.

உனக்கு இருதய வால்வில் வருத்தம். பத்து வசனம் தொடர்ந்து சொல்ல உன்னால் முடியாது. நல்ல இடத்தில், நாங்கள் கதிரை நுனியில் இருக்கும்போது, “இரு, மூச்செடுத்திட்டுச் சொல்லுறன்” என்பாய். அறையில் உன் இழுப்பு மட்டும் கேட்கும். அந்த இடங்களை வெட்டிவிடலாம் என்று கபில் கேட்டபோது நீ விடவில்லை. “அந்த நேரத்திலதான் இவையள் ரெண்டு பேரும் பயப்பிடினம். அதை வெட்டினா மிச்சம் என்ன இருக்கு?” என்றாய்.

வெள்ளச்சி மூன்றாம் படிக்கு வந்த ஞாயிறு உனக்கு ஞாபகம் இருக்குமா? இரண்டு வருடத்துக்குக் கிட்ட ஆடியபின். ஓட்டைத் தோணியில் களப்பைக் கடந்து, சேகுவைச் சேற்றிலிருந்து இழுத்தெடுத்து, தோளில் புண்பட்டு, கத்தியையும் முறித்து அரைவாசியைத் தொலைத்து வந்த பிறகு. எனக்கு என்ன கிடைக்கும் என்று ஆவலோடு கேட்டேன்.

“இனி அவளுக்குத் தண்ணிக்குப் பக்கத்தில நித்திரை கொள்ளலாம்” என்றாய். “பயம் அரைவாசி குறைஞ்சிட்டுது. அவ்வளவுதான்.”

நான் அழுதேன். மைக் முன்னால் அழுவது வெட்கமாக இருந்தது. வெள்ளச்சியின் வீட்டு ஆண்கள் கடலோடு போனவர்கள் என்று முதல் வாரத்திலேயே நான் சொல்லியிருந்தேன். மீன்பிடி ஊரான உடப்பில் பிறந்த எனக்கு அப்படியொருத்தியைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. நீ அதை மறக்காமல் இரண்டு வருடம் வைத்திருந்து, அளந்து, அரைவாசி பயத்தை மட்டும் எடுத்தாய். முழுதாக எடுத்திருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

அதற்குப் பிறகு நாம் அதிகம் ஆடவில்லை. ஆஸ்பத்திரி, கிளினிக், மறுபடி ஆஸ்பத்திரி. பிறகு நீ இல்லை.

உன் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து கொஞ்ச நாளில் நிஸ்மி மருந்துக்கடைக்கு வந்தான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் தொலைபேசியை என்னிடம் நீட்டினான். நம் சனலில் புதிதாக ஒன்று வந்திருந்தது. ‘நினைவு அஞ்சலிச் சிறப்புத் தொடர்’ என்று தலைப்பு. உன் மரண அறிவித்தலில் போட்ட அதே படத்தைக் கபில் எடுத்து, கண்ணில் நீல வெளிச்சம் வைத்திருந்தான். பக்கத்தில் வெள்ளச்சி என்று ஒருத்தி. அரைகுறை உடுப்பு, இடுப்பு இவ்வளவு, கையில் மின்னல். என் வெள்ளச்சி ஈரச்சேலையை முட்டிக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு நடப்பவள்.

கேட்டோம். கபரகொய்யா இல்லை. தோணி இல்லை. சேறு இல்லை. சேகு அரசனாகிவிட்டான். எல்லாவற்றையும் நீயே சொல்லிக்கொண்டிருந்தாய், கோயில் ஒலிபெருக்கிக்காரன் மாதிரி உற்சாகமாக. உன் பழைய பதிவுகளை ஏஐக்குக் கொடுத்து உன் குரலை அவன் செய்திருந்தான். கீழே ஆட்கள் வரிசையாக எழுதியிருந்தார்கள். அதில் ஒன்று இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது: ‘ஆழ்ந்த அனுதாபங்கள். அடுத்த பகுதி எப்ப?’

“அஸ்தஃபிருல்லாஹ்” என்றான் நிஸ்மி. “மவுத்தான ஆள்ட வாய்ல சொல்லாத கதய வச்சிரிக்கிறானே இவன்.”

அடுத்த நாள் நான் சிலாபத்துக்குப் போனேன். கபிலின் ஸ்டூடியோவில் குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. வாசனைத் தெளிப்பான் மணத்தது. அவன் எழும்பி நின்று, எனக்கு நெக்டோ சோடா உடைத்துக் கொடுத்தான். சண்டை பிடிக்கப் போனவளுக்கு மரியாதை செய்வது எவ்வளவு எரிச்சல் என்று அன்றுதான் அறிந்தேன்.

“அநே அக்கா, நான் அவவ வாழ வச்சிக்கிட்டு இரிக்கிறன். முந்தி எத்தின பேர் கேட்டாங்க? இப்ப பாருங்க.”

“அவள் சொல்லாததச் சொல்ல வச்சிருக்கிறாய்.”

“இருந்திருந்தா சொல்லியிருப்பா. காலத்துக்கேத்த மாதிரி மாறியிருப்பா.”

“முழுப் பதிவுகளைத் தா. வெட்டாததை.”

அவன் கொஞ்சம் தயங்கினான். கலியாண சீசனில் இடம் போதாமல் அதையெல்லாம் அழித்துவிட்டதாகச் சொன்னான். உன் இழுப்பு, நிஸ்மி மரத்தில் இருந்தது, நான் அழுதது, எல்லாம் யாரோ ஒரு சோடி கேக் வெட்டுவதற்கு இடம் விட்டுவிட்டன. சனலில் இருந்த பழைய பகுதிகளையும் புதியது வந்ததும் எடுத்துவிட்டானாம். பார்ப்பவர்கள் குழம்புவார்களாம்.

நான் கத்தத் தொடங்கியிருப்பேன். அதற்குள் அவன் விசைப்பலகையில் ஏதோ தட்டினான். என்னைச் சமாதானப்படுத்தத்தான் செய்தான் என்று நினைக்கிறேன். அவன் அப்படிப்பட்டவன். ஸ்பீக்கரில் நீ பேசினாய்.

“ரஜனி, கோவிக்காதயடி. கபில் எனக்காகத்தான் செய்யிறான்.”

‘டி’யை நீ இழுக்கும் அந்த இழுவைகூட அப்படியே இருந்தது. நான் வெளியே ஓடி, கடை வாசல் சாக்கடைக் கானுக்குள் குடித்த நெக்டோ முழுவதையும் வாந்தியெடுத்தேன். ஒரு முச்சக்கரவண்டிக்காரர் தண்ணீர்ப் போத்தல் தந்தார். பின்னால் வந்த கபில் என் முதுகைத் தடவப் பார்த்தான். “தொடாதே” என்றேன்.

அங்கிருந்து நேரே உன் அம்மாவிடம் போனேன். அவ அறிவதற்கு முதல் நான் போய்த் தடுக்க வேண்டும் என்று. பிந்திவிட்டேன். கபில் அதை அவவுக்கும் அனுப்பியிருந்தான். அம்மா அடுப்படியில் தொலைபேசியை உப்புப் போத்தலில் சாத்தி வைத்துவிட்டுத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தா. நீ பேசிக்கொண்டிருந்தாய்.

“அம்மா, அதை நிப்பாட்டுங்க. அது அவள் இல்ல.”

“எனக்குத் தெரியும் பிள்ளை. இரு.” அம்மா கையைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியைக் காதருகில் வைத்தா. “குரல் என்ர பிள்ளையின்ரதான். ஆனா நான் காலைமை துவக்கம் பாத்துக்கொண்டிருக்கிறன், இவள் ஒருக்காக்கூட மூச்செடுக்கேல்லை. என்ர பிள்ளை மூச்செடுக்க என்ன பாடுபட்டவள்! செத்த பிறகும் உவன் அவளை மூச்செடுக்க விடுறானில்லையே.”

பிறகு அம்மா கபிலுக்கு அழைத்தா. ஒரு சத்தமும் போடவில்லை. “தம்பி, அதைக் கழட்டு. எனக்கு ரெண்டாந்தரம் சாக்குடுக்க ஏலாது” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டா. அன்று பின்னேரமே கபில் எல்லாவற்றையும் எடுத்தான். மன்னிப்புக் கேட்கவில்லை. ஓர் அழகான வாய்ப்பை நாங்கள் பொறாமையால் கெடுத்துவிட்டதாக நிஸ்மிக்கு நீளமாக எழுதியிருந்தான்.

ஆனால் அதற்குள் வேறு ஆட்கள் பிரதி எடுத்து வேறு வேறு இடங்களில் போட்டுவிட்டார்கள். முறைப்பாடு செய்கிறோம், ஒன்று போகிறது, இன்னொன்று வருகிறது. இன்று பஸ்ஸில் கேட்டது அப்படி ஒன்று. அந்த மனிதரில் பிழையில்லை. அவருக்கு நீ யாரென்றே தெரியாது. அவர் ரசித்ததுதான் எனக்கு அதிகம் அருவருப்பாக இருந்தது. ஒன்றையும் தாண்டாமல், ஒன்றையும் தொலைக்காமல், பொத்தென்று உச்சியில் போய் நிற்பவளை அவர் அவ்வளவு சந்தோசமாகக் கேட்டார். உன்னைப் பிடித்திருக்கிறது என்று அவர் நினைக்கிறார். அதை நினைக்க இப்போதும் வாய் கசக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நிஸ்மியும் நானும் மறுபடி உங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறோம். மைக் இல்லை, அதனால் மின்விசிறி ஓடுகிறது. கதையை நிஸ்மி சொல்கிறான். உன்னளவுக்கு வராது. கணக்கு மாஸ்டர் இல்லையா, தோணி எத்தனை அடி என்றெல்லாம் சொல்லி அலுக்க வைப்பான். ஒருநாள் தேத்தண்ணீர் கொண்டுவந்த அம்மா திரும்பிப் போகாமல் நின்றா. “நானும் ஒராளா வரலாமோ?” என்று கேட்டா.

அம்மாவின் ஆள் முதலாம் படி. முதல் ஞாயிறே களப்புச் சேற்றில் ஒரு செருப்பைத் தொலைத்தா. டைஸைப் பார்த்து, பிறகு எங்களைப் பார்த்து, “இனி என்ன செய்யிறது?” என்று உண்மையாகவே கவலைப்பட்டா.

“வெறுங்காலோட மெல்ல வாங்க உம்மா” என்றான் நிஸ்மி. “நாங்க நிண்டு கூட்டிக்கிட்டுப் போறம்.”

வெள்ளச்சி நிற்கிறாள். இன்னும் மூன்றாம் படிதான். உடைந்த கத்தி, தோளில் ஆறாத புண், மிச்சமிருக்கும் அரைவாசிப் பயம். நீ அளந்து தந்தது அவ்வளவும் என்னிடம் இருக்கிறது. ஒரு படிகூட நானாக ஏறவில்லை.