கட் சொல்லாத இயக்குநர்

மெஹர் மாதம் 3

தெஹ்ரானிலிருந்து வஃபாயி என்று ஒருவர் எங்கள் ஊருக்குப் படமெடுக்க வந்திருக்கிறார். பாம்புகூட இவரைவிடச் சீக்கிரம் படமெடுக்கும். இன்று மேட்டுப் பாதையில் கேமராவை நிறுத்தி ஒரு கழுதைக்காகக் காத்திருந்தார். கழுதை வந்தது, போனது. அப்புறமும் காலிப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழுதைதான் போயிடுச்சே ஐயா?"

"போனது இன்னும் பாதையில இருக்கும்மா."

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மெஹர் 5

குல்னார் அக்கா அழுகிறாள். கட்டிக்கொண்டால் பக்கத்து வீட்டுப் பையன் யாவரைத்தானாம். ஆனால் அவன் அப்பா ரமஸான்அலியும் எங்கள் அப்பாவும் பேசுவதில்லை. எல்லாம் அக்ரூட்டால் வந்த வினை. போன வருடம் எங்கள் மரம் அவர்கள் முற்றத்தில் காய்களை உதிர்த்தது. அப்பா மரியாதைக்கு, "உங்களுக்குத்தான், எடுத்துக்கங்க" என்றார். மூன்று தடவையாவது மறுக்க வேண்டாமா? மனுஷர் முதல் தடவையே "சரி" என்று சாக்கோடு வந்துவிட்டார்!

மெஹர் 6

ஐயோ — என்ன செய்து வைத்தேன்!

வஃபாயி கேட்டார்: "டீக்கடை வாசல்ல ரெண்டு பழைய நண்பர்கள் சந்திக்கணும். நடிகர்கள் வேணாம், நிஜ நண்பர்கள்தான் வேணும். யாரு இருக்கா?"

என் நாக்கு என்னைக் கேட்கவே இல்லை. "எங்க அப்பாவும் ரமஸான்அலியும். உயிருக்கு உயிர்!" (ஒருவர் உயிரை ஒருவர் எடுப்பதும் அதில் அடக்கம்தானே?)

விருந்தாளி கேட்டால் எப்படி மறுப்பது? இருவரும் தனித்தனியே தலையாட்டிவிட்டார்கள்.

"ஷூகா, செத்தடி நீ," என்றாள் அக்கா.

மெஹர் 8

வசனமே கிடையாது. அப்பா முதலில் டீக்கடைக்குள் நுழைய வேண்டும், ரமஸான்அலி பின்னால். அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஊரில், எதிரியே ஆனாலும், அடுத்தவரை முந்திக்கொண்டு வாசல் நுழைபவன் மனுஷனா?

"நீங்க போங்க," என்றார் அப்பா, சுவரைப் பார்த்து.

"உங்களுக்கு முன்னாடியா? நீங்க போங்க."

"பெரியவர் நீங்க."

"உங்க கால் தூசி நான்."

வஃபாயி கட் சொல்லவில்லை. கன்னத்தில் கைவைத்துப் பார்க்கிறார். உள்ளே டீ ஆறுகிறது. நான் நகத்தைத் தின்றுகொண்டிருக்கிறேன்.

"அட போங்கய்யா," — அப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தபடி — "எதையும் முதல்ல எடுக்கிறவர்தானே நீங்க!"

செத்தோம்.

ரமஸான்அலி சிவந்துபோனார். "எடுத்தேன். ஒண்ணுகூட உடைக்கல. கேப்பீங்கன்னு சாக்கோட வச்சிருக்கேன்."

"எப்படிக் கேப்பேன்? உங்களுக்குன்னு வாயால சொல்லிட்டேனே!"

"நான் எப்படித் திருப்பித் தருவேன்? உங்க மூஞ்சில அடிச்ச மாதிரி ஆகாதா?"

இருவரும் முழித்தார்கள். பிறகு "வாங்க", "வாங்க" என்று ஒரே நேரத்தில் அடியெடுத்து வைக்க, இரண்டு தொப்பையும் வாசல் நிலையில் சிக்கிக்கொண்டன. யார் முதலில் சிரித்தது? அதிலும் முந்திக்கொள்ளவில்லை!

அப்போதுதான் இயக்குநர் "கட்" என்றார். என் காதில் "கட்டு" என்று விழுந்தது. அக்காவைப் பார்த்தேன்.

மெஹர் 9

சாக்கு வந்தது. அப்பா முறைப்படி மறுத்து, முறைப்படி வாங்கினார். பாதி புழு. "அருமை," என்றார்.

மெஹர் 14

ரமஸான்அலி வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்திருக்கிறார்கள்! அக்கா டீத்தட்டோடு போனபோது கண்ணாடிக் கோப்பைகள் கிணுகிணுத்தன. வாசலில் வஃபாயி, கேமராவும் கையுமாக.

"அது வெளியவே இருக்கட்டும்," என்றார் அப்பா. "நீங்க உள்ள வாங்க."

வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவர் காதருகே குனிந்தார். "உண்மையச் சொல்லு. இவங்க ரெண்டு பேரும் நண்பர்கள்தானா?"

"இப்போ ஆமா ஐயா."