டிரை என்றால் இனிப்பு இல்லை

4 நவம்பர் 2025, செவ்வாய்

ஈரான் பேரீச்சை இறங்கியது. நாற்பது பெட்டியில் இரண்டு ஈரம். திருப்பி அனுப்பினேன்.

மதியம் தாரணி கடைக்கே வந்துவிட்டாள். வேலை நேரத்தில் வருகிற மகள் இல்லை. அவள் கட்டிக்கொள்ளப்போகிற ஜனகனின் வீட்டில் மூன்று வாரமாகக் கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லையாம். காரணம் நான்தானாம்.

நான்தான். மூன்று வாரம் முன்பு புக்கிட் மேராவில் அவர்கள் வீட்டு விருந்து. ஜனகனின் அப்பா ஜெயரத்தினம் எழுந்து வந்து என் கிளாஸில் ஒயின் ஊற்றப்போனார். கிளாஸைக் கவிழ்த்து வைத்து, "நாங்க குடிக்கிற குடும்பம் இல்லீங்க" என்றேன். அதன் பிறகு கரண்டிச் சத்தம் மட்டும்தான்.

"உங்கள யாரும்மா குடிக்கச் சொன்னா? 'நோ தேங்க்ஸ்' போதும் லா! அவங்களக் குடிகாரங்கன்னு சொன்ன மாதிரி ஆயிடுச்சு."

அழுதாள். பாதாம் வாங்க வந்தவர் திரும்பிப் போய்விட்டார்.

5 நவம்பர், புதன்

ஜனகனின் அம்மா வள்ளிநாயகிக்கு நானே போன் செய்து, பதினைந்தாம் தேதி செங்காங்கில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். "பாப்பம்" என்றார். பத்து நிமிடம் கழித்து ஒற்றைச் சொல்லில் மெசேஜ்: "வாறம்."

ஒயின் நான் வைக்கப்போகிறேன். வாயில் போட்டுப் பார்க்காத சரக்கை இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. அப்படியானால் — குடிக்கவும் வேண்டும். ஐம்பத்து நான்கு வயதில்!

6 நவம்பர், வியாழன்

சூப்பர்மார்க்கெட்டில் ஒரு சுவர் முழுக்கப் பாட்டில். எதை எடுப்பது? ஒன்றில் பெரிய எழுத்தில் 'டிரை' என்று இருந்தது. முப்பது வருஷமாக டிரை ஃபுரூட்ஸ் விற்கிறவளுக்கு வேறு என்ன தோன்றும்? காயவைத்த திராட்சையில் செய்தது, தித்திப்பு தூக்கலாக இருக்கும் என்று எடுத்துவந்தேன்.

ஒரு வாய்தான். பல் கூசி, இரண்டு கன்னமும் உள்ளே ஒட்டிக்கொண்டன.

இவரும் ஒரு மிடறு குடித்துப் பார்த்தார். "திராட்சைய யாரோ தின்னுட்டாங்க சந்திரா. உனக்குக் கொட்டைய அரைச்சு வித்துட்டான்."

8 நவம்பர், சனி

கடையை அடைக்க ஏழரை. சனிக்கிழமை ஏழுக்கு மேல் எங்கள் கடை இருக்கிற வட்டாரத்தில் பாட்டில் விற்கத் தடை. எம்ஆர்டி ரயில் ஏறி டோபி காட் போனேன். ஒயின் மட்டுமே விற்கிற சின்னக் கடை. கவுண்டரில் ஒரு சீனப் பெண். வெட்கப்படாமல் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கதையைச் சொன்னேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"ஆன்ட்டி, டிரை என்றால் இனிப்பு இல்லை."

திராட்சையின் சர்க்கரையை ஈஸ்ட் தின்றுதான் போதை உண்டாகிறதாம். தின்று முடித்தால் டிரை. பாதியில் நிறுத்தினால் இனிப்பு மிச்சம். அதனால் பாட்டிலில் சதவீதத்தைப் பார்க்க வேண்டுமாம். பதின்மூன்று, பதினான்கு என்றால் பெரும்பாலும் தித்திக்காது. ஐந்து, ஆறு, எட்டு என்றால் தித்திக்கும், லேசாகவும் இருக்கும்.

"எப்போதுமா?" என்றேன். எந்த வியாபாரத்திலும் இதைக் கேட்காமல் விடமாட்டேன்.

"போர்ட் என்று ஒன்று இருக்கிறது. இனிப்பு, ஆனால் இருபது சதவீதம். ஆன்ட்டி இப்போதைக்கு அந்த அலமாரிப் பக்கம் போக வேண்டாம்."

மொஸ்காட்டோ ஒன்று, ஐந்தரை சதவீதம். ரீஸ்லிங் ஒன்று, எட்டு. நன்றாகக் குளிர வைத்துக் கொஞ்சமாக ஊற்றச் சொன்னாள். முப்பது வருஷத்தில் ஒரு கடைக்காரி என்னிடம் இவ்வளவு நேர்மையாகப் பேசியதில்லை.

9 நவம்பர், ஞாயிறு

மொஸ்காட்டோ! கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதுமே பூ வாசம். நாக்கில் பொடிப்பொடியாகக் குமிழி, பின்னால் பீச் பழம். இவர் இரண்டாவது மிடறு குடித்துவிட்டு, "சர்பத் காலேஜ் படிச்ச மாதிரி இருக்கு" என்றார்.

ரீஸ்லிங் வேறு ஜாதி. இனிப்புக்கு அடியில் புளிப்பு. நல்ல பானகம் போல. மட்டன் வறுவலோடு குடித்துப் பார்த்தேன். காரத்தைத் தடவிக் கொடுக்கிறது. ஒரு கிளாஸை வேண்டுமென்றே அரை மணி நேரம் வெளியே வைத்தேன். சோடைபோய்ச் சர்க்கரைத் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. ஆக, சாப்பாட்டுக்கு ரீஸ்லிங், பாயசத்துக்கு மொஸ்காட்டோ, இரண்டும் ஐஸில்.

12 நவம்பர், புதன்

எனக்கு ஒரு கிளாஸ்தான் அளவு. நேற்று இரண்டாவது குடித்துவிட்டு இவர் ஜோக்குக்கெல்லாம் சிரித்தேன். விருந்துக்கு இரண்டிலும் புது பாட்டில் வாங்கி வைத்தாயிற்று.

15 நவம்பர், சனி

வந்தார்கள். ஜெயரத்தினம் கையில் ஒரு சிவப்பு ஒயின். நான் வைக்கமாட்டேன் என்று நினைத்திருப்பார். வாசலிலேயே சொல்லிவிட்டேன்: "அன்னைக்கு நான் பேசினது தப்புங்க. மனசுல வச்சுக்காதீங்க."

"ஐயோ, அதை விடுங்கோ" என்றார். ஆனால் முகம் இறுக்கமாகத்தான் இருந்தது.

மரியாதைக்கு அவர் கொண்டுவந்ததையே முதலில் திறந்தோம். என் மிளகு நண்டுக்கு அந்தச் சிவப்பு நெருப்பில் எண்ணெய். மனிதருக்குப் புரையேறிக் கண்ணில் தண்ணீர். சட்டென்று ரீஸ்லிங்கை ஊற்றி நீட்டினேன். குடித்தார். கிளாஸைப் பார்த்தார். மறுபடி குடித்தார்.

"இது நல்லா இருக்கே!"

வள்ளிநாயகியும் ஒரு வாய் குடித்துவிட்டு மெல்ல ஆரம்பித்தார்: "உண்மையைச் சொன்னா, அந்தச் சிவப்பு எனக்கு ஒருநாளும் பிடிக்கேல்ல. இவருக்கு விருப்பம் எண்டுதான் முப்பது வருசமாக் குடிக்கிறன்."

ஜெயரத்தினம் நண்டைக் கீழே வைத்தார். "எனக்கோ? உமக்கு விருப்பம் எண்டெல்லோ நான் வாங்கிக்கொண்டு வாறனான்!"

ஜனகன்தான் முதலில் வெடித்துச் சிரித்தான். பிறகு எல்லோரும். சிரித்துச் சிரித்து இவருக்கு விக்கல் வந்தது. பாயசத்தோடு மொஸ்காட்டோவும் காலி. கிளம்பும்போது ஜெயரத்தினமே தேதிப் பேச்சை எடுத்தார். "மார்ச்சில வைப்பமே?"

16 நவம்பர், ஞாயிறு

தாரணி பாடிக்கொண்டே முக்கால் மணி நேரம் குளித்தாள். தண்ணீர் பில் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

13 டிசம்பர், சனி

கல்யாண விருந்துக்கு ஒயின் சொல்ல வள்ளிநாயகியோடு டோபி காட் போனேன். இருபத்து நான்கு பாட்டில் எடுத்தால் எத்தனை சும்மா தருவாய் என்று ஆரம்பித்தேன். வள்ளிநாயகி கூச்சப்பட்டுக் கதவுக்கு வெளியே போய், யாரோ மாதிரி நின்றுகொண்டார். கால் மணி நேரம் இழுத்து, இரண்டு பாட்டில் சும்மா வாங்கினேன். வெளியே நின்றவருக்கு இரண்டு விரலைக் காட்டினேன். உள்ளே வந்தார். பாட்டில்களைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார், பிறகு என் காதருகே குனிந்தார்.

"இன்னும் ஒண்டு கேளுங்கோவன், சம்பந்தி."