கறுப்புச் சட்டையின் இடது கை

1986 நவம்பர் 7, வெள்ளி

காலையிலிருந்து மழை. வெக்ஸ்போர்ட் தேவாலய மண்டபம். கதிரை அறுபது, மேசை பன்னிரண்டு, கோப்பிப் பாத்திரம், பின்வாசல் பல்ப். எல்லாம் பார்ப்பது நான்தான், மண்டபப் பராமரிப்பு என் வேலை.

நாளை இங்கே விற்பனை. பலஸ்தீனத்துக் கிராமமொன்றில் பெண்கள் கூட்டுறவுச் சங்கம் தைத்த உடுப்புகள். சங்கத்திலிருந்து வந்திருப்பவர் சல்வா. ஐம்பது வயதிருக்கும். சட்டைகளைக் கம்பியில் கொழுவச் சொன்னார். கொழுவினேன். ஒன்பதும் உள்பக்கம் வெளியே. உள்பக்கத்திலும் முடிச்சில்லை, தொங்கும் நூலில்லை, பூவெல்லாம் பூவாகவே இருந்தது. மூட்டுத் தையலை யார் பார்த்தார்கள்? சல்வா சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டார். சல்வாவின் இங்கிலீசுக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் வாசுகிதான் மொழிபெயர்ப்பு:

"ஊரிலை போய்ச் சொல்லுவாவாம், பின்பக்கத்தை முன்பக்கமெண்டு ஒரு மனுசன் கொழுவினவர் எண்டு. அவைக்கு அதைவிடப் பெருமை இல்லையாம். ஆனா அப்பா, இனி ஒண்டையும் தொடாதேங்கோ, ப்ளீஸ்."

துணியில் ஒன்றும் வரைவதில்லையாம். இழையை எண்ணி எண்ணியே, நூலின் மேல் நூல் குறுக்காக விழத் தைப்பது. இருபத்திரண்டு பெண்கள், ஆளுக்கொரு பகுதி, வீட்டிலிருந்தபடி. எனக்குக் கதிரை அறுபதை எண்ணவே இரண்டு தரம் பிழைத்தது.

ஐந்து மணிக்குப் பெண்சாதி பத்மா உடுப்பு ஃபாக்டரியிலிருந்து வந்தாள். நான்கு வருடமாகக் கொலர் மட்டும் தைப்பவள். கறுப்புச் சட்டையின் இடது கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இஞ்சை பாருங்கோ. முழங்கைக்கு மேலை ஒரு ஆள், கீழை வேறை ஆள்."

"விசர்க்கதை."

"மேல் நூல் எந்தப் பக்கம் சாயுதெண்டு பாருங்கோ. கீழை தைச்சவ இடக்கைக்காரி."

பார்த்தேன். உண்மை. மயிர்க்கூச்செறிந்தது, தையலுக்கா பெண்சாதிக்கா தெரியவில்லை.

நவம்பர் 8, சனி

மழை விட்டது. நல்ல சனம். பத்மாவுக்கு ஓவர்டைம், வரவில்லை.

பத்தரைக்கு ஒரு கடைக்காரப் பெண்மணி. சல்வா காலையிலிருந்து அவருக்காகத்தான் காத்திருந்தார்: கறுப்புச் சட்டையை வாங்கினால், அதே மாதிரி இன்னும் முப்பது ஓடராம். குளிர்காலம் முழுக்க இருபத்திரண்டு பேருக்கும் வேலை. சல்வா மறுகோடியில் யாருடனோ கதைத்துக்கொண்டு நின்றார். பெண்மணி சட்டையைத் தடவிக்கொண்டு நின்றார். நிலம் கூட்டிக்கொண்டிருந்த நான் தும்புத்தடியோடு சும்மா நின்றிருக்கலாம்.

"லேடி, டூ லேடீஸ். வன் ஸ்லீவ்," என்றேன். விரலால் முழங்கையையும் காட்டினேன். எனக்கும் விஷயம் தெரியும் என்று காட்ட வேண்டாமா.

அவர் கண்ணாடியைப் போட்டார். சட்டையோடு நேரே சல்வாவிடம் போனார். நான் கதிரை அடுக்கப் போனேன், அடுக்கக் கதிரையில்லை.

பிறகு வாசுகி சொன்னது: கை முழுவதும் ஒரே மாதிரி வேண்டுமாம், கீழ்ப்பகுதியை அவிழ்த்துத் தைத்துத் தந்தால் ஓடர் நிச்சயமாம். சல்வா, "அவிழ்க்க மாட்டோம்." அப்படியானால் வேண்டாமாம். இரண்டாம் தரமும் கேட்டாராம். சல்வாவின் குரல் உயரவேயில்லையாம். பெண்மணி போய்விட்டார்.

மதியம், கழுவின கோப்பிப் பாத்திரத்தை மறுபடியும் கழுவினேன்.

நவம்பர் 9, ஞாயிறு

குளிர். பெட்டி கட்டல். பத்மா ஃபிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். சல்வா கறுப்புச் சட்டையை மடிக்கும்போது பத்மா அதன் இடது கையைத் தொட்டுக் காட்டி, மேலே தைத்தது யாரென்று கேட்கச் சொன்னாள். வாசுகி கேட்டாள். சல்வா மடிப்பதை நிறுத்தினார்.

ஹியாம். சல்வாவின் தமையனின் மகள். பிள்ளைப்பேற்றுக்கு ஆசுபத்திரிக்குப் போனவள் உயிரோடு திரும்பவில்லை. வீட்டில் ஊசி துணியில் குத்தினபடி இருந்ததாம். அவளின் தங்கச்சி அந்த ஊசியை எடுத்து, அந்த நூலிலேயே, விட்ட கணக்கிலிருந்து தைத்தாளாம். இடக்கைக்காரி.

ஒருவர் விட்டதை மற்றவர் தொடர்வது அங்கே வழக்கம். கீழே உள்ளதை அவிழ்த்தால் தங்கச்சியிடம் என்ன சொல்வது என்றார்.

பத்மா அந்த இடத்தில் விரலை வைத்தபடி இருந்தாள். நான் மூக்கைச் சீறினேன், தடிமன் என்று.

சல்வா பெட்டியை மூடிவிட்டு ஏதோ சொல்லிச் சிரித்தார்.

வாசுகி: "மூண்டு நகரத்திலை காட்டினவவாம், ஒரு கையிலை ரெண்டு பேரெண்டு ஒருத்தரும் காணேல்லையாம். அந்தக் கடைக்கார மனுசியின்ரை கண் பெரிய கண்ணாம். கோவமில்லையாம்."

பத்மா என்னைப் பார்த்தாள்.

"ஓம், கூர்மையான கண்தான்," என்றேன். காட்டிக்கொடுத்தது நான் என்று சொல்லவில்லை.